குழாய் மீனும் காகிதக் கூடையும்

சொட்டு மருந்து ஏற்றிய குழாயைக் கீறிப் பின்னி, மணியால் கண் வைத்துச் செய்த மீன் பொம்மையை அறியாத மருத்துவமனை ஊழியர் இரார். ஒரு தலைமுறைக்கு முன் அது பலருடைய சாவிக்கொத்தில் தொங்கியது. வாசல் நிலையில் ஆடியது. இன்றும் வீடு திரும்பும் வேளையில், “அந்தக் குழாயை எறிஞ்சிடாதீங்க சிஸ்டர், பொம்மை பண்ணணும்” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த விருப்பத்தை அப்படியே அணைத்துவிடுவதும் தவறு என்பதே என் கருத்து.

முதலில் மறுப்புக்குரிய காரணம். குழாய்க்குள் இரத்தம் பின்னேறி உறைந்திருக்கக்கூடும். மஞ்சள் காமாலைக்குக் காரணமான ‘ஹெபடைடிஸ் பி’ கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த நிலையிலும், குறைந்தது 7 நாட்கள் தொற்றும் ஆற்றலோடு இருக்க வல்லது. குழாயடித் தண்ணீரில் அலசினால் அது போய்விடாது. அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், குழாய்களையும் ஊசி நீக்கிய சிரிஞ்சுகளையும் சிவப்புப் பையில் இடச் சொல்கின்றன. அவை கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்ட பிறகே மறுசுழற்சிக்குச் செல்லும். இங்கிருந்து எடுத்துச் செல்லும் குழாயில் குழந்தைக்குப் பொம்மை செய்வது அன்பின் அடையாளம் ஆகாது.

இனி விருப்பத்தின் பக்கம் வருவோம். வாரக்கணக்கில் படுக்கையருகே அமர்ந்திருப்பவரின் கை எதையாவது தேடுகிறது. நோயாளியின் கையும் அவ்வாறே. கைப்பேசி அந்தத் தேட்டத்தை நிறைப்பதில்லை. விரல் ஓடுகிறது, கை சும்மா இருக்கிறது. நம் வீடுகளில் இதற்கென்றே ஒரு பழைய வேலை உண்டு. இன்று ஏறக்குறைய மறந்துவிட்ட காகிதக் கூடையைத்தான் சொல்கிறேன்.

பழைய தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று நாட்கள் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தையும் ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைப்பார்கள். வெந்தயத்தின் கொழகொழப்பே பசை. அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பது பாட்டிமார் கணக்கு. கவிழ்த்து வைத்த சொம்பின் மேல் ஈரத்துணி போர்த்தி, அதன்மீது கூழை விரல் கனத்துக்கு அப்பி, வெயிலில் காயவைத்துக் கழற்றினால் கூடை. செம்மண்ணோ வண்ணத்தாளோ கொண்டு அழகு செய்துகொள்ளலாம். செலவு, வெந்தயத்தின் விலைதான். இப்போது ‘கழிவிலிருந்து கலை’ என்ற பெயரில் புதுப் பொருட்களைக் கடையில் வாங்கிக் குவிக்கிறார்களே, அந்த வேடிக்கை இதில் இல்லை.

இதில் ஒவ்வொரு படியும் கைக்குப் பயிற்சி. தாளைக் கிழிக்க இரு கையும் எதிரெதிராக அசைய வேண்டும். கூழைப் பிழியவும் பரப்பவும் உள்ளங்கை விரிய வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் மெலிந்த கைக்குப் பிழிவது உதவலாம். இறுக்கம் மிகுந்த கைக்கோ அழுத்துவதைவிட விரித்துப் பரப்புவதே பெரும்பாலும் ஏற்றது. உங்களுக்குரியது எது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

நைனார்பாளையம், சின்னசேலம் பக்கத்திலிருந்து வருவோருக்கு இன்னொரு பொருளும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. மக்காச்சோளக் கதிரை மூடியிருக்கும் மடலைக் காயவைத்துப் பின் நனைத்தால் துணிபோல் வளையும். நூலால் கட்டினால் பூவாகும், பொம்மையாகும். பூஞ்சை பிடித்த மடலும் தூசி படிந்த பழந்துணியும் மட்டும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளோரும் புற்றுநோய் மருந்து எடுப்போரும் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

உடனிருப்போரிடம் எனக்கு ஒரு முறையீடு உண்டு. அம்மா செய்யும் கூடை கோணலாக வருகிறது, மகளுக்குப் பொறுக்கவில்லை. “குடும்மா, நான் பண்றேன்” என்று வாங்கி அழகாக முடித்துத் தருகிறாள். கூடை நேராகிறது, அம்மாவின் கை மீண்டும் மடியில் விழுந்து கிடக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்த நேர்த்தியை நோயிலிருந்து எழுந்து வருபவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் தவறட்டும், நேரம் எடுக்கட்டும். நீங்கள் உங்களுக்கென்று வேறொரு கூடை செய்யுங்கள். உங்களுக்கும் அது வேண்டும்.

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியபோது, அதோடு வேலை முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. 1950-களில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் மரவேலை கற்று மரப் பொம்மைகள் செய்தார்கள். வலி உணராத விரல், கருவியின் பிடியிலேயே தானறியாமல் புண்படுவதை அவர் கூர்ந்து கவனித்ததும் அந்தக் கூடத்தில்தான். நீரிழிவால் விரலுணர்வு குறைந்தவர்களுக்கு இன்றும் அதே எச்சரிக்கை பொருந்தும். சூடான பசைத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு விரலையும் வெளிச்சத்தில் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர் கத்தரிக்கோலை விட்டுக் கையாலேயே கிழிக்கலாம்.

நிர்வாகத்திடமும் ஒன்று கேட்கிறேன்: காத்திருப்புக் கூடத்தின் மூலையில் ஒரு மேசை, பழைய தாள், ஒரு வாளி, கை கழுவ இடம். இவ்வளவே போதும். மேசை வருகிறதோ இல்லையோ, அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது வீட்டில் செய்த கூடையைக் கையோடு கொண்டுவாருங்கள். எத்தனை நாள் ஆயிற்று, எந்த விரல் ஒத்துழைக்கவில்லை என்பதையும் இயன்முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.