சம்பள நாளும் சம்சுப் போத்தலும்

தோட்டத் தொழிலாளிக்குச் சம்பள உயர்வு வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் சிலர் ஒரு பதிலைக் கையில் தயாராக வைத்திருக்கிறார்கள். "கொடுத்தால் குடிப்பான்" என்பதே அந்தப் பதில். இதைக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும். ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால் போதாது. இந்தப் பழி எங்கிருந்து வந்தது, இதை எப்படித் துடைப்பது என்பதை நம் உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொழிலாளி குடிகாரனாகப் பிறக்கவில்லை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை திறக்கப்பட்டது. காலையில் பால்மரத்தடியில் சம்பாதித்த கூலியின் ஒரு பகுதி மாலையில் அந்தக் கடை வழியாகத் திரும்பிப் போயிற்று. கள்ளின் மீது வரி போட்டு அரசாங்கமும் வருமானம் கண்டது. உடல் வலியோடு லயத்துக்குத் திரும்பும் மனிதனின் கண்ணில் கடையைக் காட்டி வைத்துவிட்டு, பிறகு அவனையே குடிகாரன் என்று ஏசுவது எந்த நியாயம்?

அந்தக் கடையை மூடச் சொன்னவர்களும் தொழிலாளர்களே. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தின்போது, கூலி, மருத்துவ வசதி, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தை அடக்க இராணுவம் வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டனர். போர் முடிந்த பிறகு கெடாவில், பீடோங் அருகிலுள்ள ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடை மறியலே அதன் முதன்மையான வேலை. 1947ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் போலீசாருடன் ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளி உயிர் துறந்தார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாவதற்கு முன்பே, கல்வியறிவு மறுக்கப்பட்ட நம் பாட்டன்மார்கள் இதைச் செய்தார்கள். "கொடுத்தால் குடிப்பான்" என்பவர்களுக்குச் சரித்திரம் தரும் பதில் இது.

இன்று கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. கள் புளித்த பானம். சம்சோ அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள சாராயம். கூலிக்காரன் கைக்கு எட்டும் விலையில் அது விற்கப்படுகிறது. தோட்டத்தை விட்டு நகரத்து மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களையும் அது பின்தொடர்ந்து போயிருக்கிறது.

குடித்தால் உடம்பு வலி போகிறது என்பார்கள். வலி போவதில்லை, அதை உணரும் புலன் சில மணி நேரம் மரத்துப் போகிறது. தூக்கம் வந்தது போலிருக்கும். ஆனால் நடு இரவில் விழிப்புத் தட்டும். பால்வெட்டு விடியற்காலை வேலை. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். மரத்தின் உயிர்ப்பட்டைக்கு மிக அருகில், அதைத் தொடாமல் கத்தியை இழுக்க வேண்டும். கை நடுங்கினால் காயம் மரத்துக்கு. புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிரட்டுக்கு வரத் தவறினால் அன்றைய சம்பளம் போயிற்று. செக்ரோலில் விழும் வெற்றிடங்கள் எத்தனை வீட்டு அடுப்பை அணைக்கின்றன என்பது கிராணிமார்களுக்குத் தெரியாததல்ல.

உடலுக்குள் நடப்பது இதைவிடக் கொடியது. முதலில் ஈரலில் கொழுப்புப் படிகிறது, பிறகு வீங்குகிறது, கடைசியில் சுருங்கி இறுகிப் போகிறது. வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, இரத்த வாந்தி எடுத்து மனிதன் மடிகிறான். மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. உடல்நலத்துக்குக் கேடில்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. ஈரலில் கொழுப்புப் படிந்த நிலையிலேயே குடியை விட்டால், சில வாரங்களில் அது தேறத் தொடங்கும்.

கள்ளத்தனமாகக் காய்ச்சியோ கலந்தோ விற்கும் சரக்கு இன்னும் பயங்கரமானது. அதில் மெத்தனால் கலந்திருந்தால், உடம்புக்குள் அது அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் வாங்கும். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய மதுவைக் குடித்து 30க்கும் அதிகமானோர் மாண்டனர். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் பலர் அதில் பலியாயினர். அவர்களும் நம் வர்க்கத்தவரே. குடித்தபின் பார்வை மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதம் உயிரைக் குடிக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சிறு போத்தல் 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒன்றானால் மாதம் 240 வெள்ளி. ஆண்டுக்கு 2,880 வெள்ளி. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆகவே ஆண்டில் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல் போத்தலுக்குள் போகிறது. எந்த முதலாளியாவது நம் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கை வெட்டினால் நாம் சும்மா இருப்போமா? மேசையில் அமர்ந்து பல மாதம் வாதாடிச் சங்கம் பெற்ற உயர்வு ஒரே மாலையில் கடைக்காரனின் பெட்டிக்குள் விழுகிறது. அந்த வீட்டுப் பெண்மணியும் அதிகாலையில் எழுந்து வெட்டுக்குப் போகிறவள்தான். அடியும் பசியும் அவள் பங்குக்கு வருவதை நாம் சகித்துக்கொண்டிருக்க முடியாது.

சட்டம் நமக்குச் சில கருவிகளைத் தந்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது. அங்கேயே வேலை செய்பவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. வேலை ஒப்பந்தத்தின் ஓர் அங்கமாக முதலாளி மது கொடுப்பதும் கூடாது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பதும் 2017ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. இவற்றை யாராவது மீறினால் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

குடிப்பவரைச் சங்கத்திலிருந்து தள்ளிவைப்பதோ, கூட்டத்தில் கேலி செய்வதோ வழியல்ல. குடிப்பழக்கம் ஒரு நோயாக முற்றுவதை மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. நெடுநாள் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அவரை அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துப் போய் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வைக்க வேண்டும். தனியாகப் போகக் கூசுவார். உடன் செல்லத் தோழர் ஒருவர் வேண்டும். சம்பள நாளன்று மனைவியின் கையில் முதலில் பணம் சேரும் பழக்கத்தையும், மாலையில் இளைஞர்கள் கூடப் பந்து விளையாட்டு, வாசகசாலை போன்ற ஏற்பாடுகளையும் ஒவ்வொரு கிளையும் செய்ய முடியும். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை, மனம்தான் தேவை.

தோழர்களே, சம்பள உயர்வுக்கான போராட்டமும் சம்சுவை விரட்டும் போராட்டமும் இரண்டல்ல. வாங்குவது ஒரு பாதி. வாங்கியதைக் காப்பாற்றுவது மறு பாதி. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். பெண் உறுப்பினர்களை முதலில் பேச விடுங்கள்.