ஒரு செவி போதும் என்னும் பொய்

செவிமடல் சிறுத்தோ அறவே இன்றியோ குழந்தை பிறக்கும் நிலையை மருத்துவம் மைக்ரோஷியா என்கிறது. பலருக்குச் செவித்துளையும் அடைபட்டிருக்கும். பெரும்பாலும் இது ஒரு பக்கத்தில் மட்டுமே நேர்கிறது. "மற்றொரு காது கேட்கிறதல்லவா, பிறகென்ன?" என்னும் ஆறுதலே அக்குழந்தைக்கு இழைக்கப்படும் முதல் அநீதி.

புறச்செவியும் உட்செவியும் கருவில் வெவ்வேறு மூலங்களிலிருந்து உருவாகின்றன. ஆகவே மடலற்ற செவியிலும் உட்செவி பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். அடைபட்டது ஒலி செல்லும் வழி மட்டுமே. எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் கருவியைத் தலைப்பட்டையில் பொருத்திக் கைக்குழந்தைக்கும் அணிவிக்கலாம். அதற்கு அறுவை மருத்துவம் வேண்டியதில்லை.

சட்டமோ வேறு கணக்குப் போடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், இரு செவிகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் அது செவித்திறன் குறைபாடு. ஒரு செவி மட்டும் அடைபட்ட குழந்தை அந்த வரையறைக்குள் ஒருபோதும் வாராது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டமான ஆர்.பி.எஸ்.கே. பட்டியலிடும் 9 பிறவிக் குறைபாடுகளில் உதட்டுப் பிளவு உண்டு, வளைபாதம் உண்டு, பிறவிக் கேளாமை உண்டு. செவிமடல் குறைபாடு இல்லை. பிறந்த கணமே கண்ணுக்குத் தெரியும் குறை, பட்டியலின் கண்ணுக்குத் தெரியவில்லை!

நிதி குறைவு, எங்கேனும் கோடு கிழித்தாக வேண்டும் என்பர். கிழிக்கட்டும், ஆனால் எங்கே? செவித்திறனை அளப்பது ஓசை புகாத அறையில். குழந்தை கற்பதோ பெங்களூரு சிவாஜிநகர் போன்ற இடத்தில்: வீட்டில் தமிழ், தெருவில் உருது, பள்ளியில் கன்னடம், வெளியே பேருந்து நிலையத்தின் இரைச்சல். இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தறியவும், ஒலி வரும் திசையை உணரவும் இரு செவிகளும் வேண்டும். புதிய மொழியொன்றின் ஒலிகளைப் பழகும் குழந்தைக்கு அத்தேவை இன்னும் மிகுதி.

இது வெறும் ஊகமன்று. ஒரு செவியில் மட்டும் கேட்புக் குறையுள்ள குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்த பெஸ், தார்ப் ஆகியோர், அவர்களுள் 35 விழுக்காட்டினர் ஒரு வகுப்பிலேனும் தேறவில்லை என 1984இல் காட்டினர். நாற்பதாண்டுகள் கடந்தும் நம் சட்டத்தின் செவிக்கு அது எட்டவில்லை.

சிவாஜிநகரிலேயே பௌரிங் அரசு மருத்துவமனை இருக்கிறது. அத்தகைய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தையின் செவிமடலைக் கண்டதும் கேட்புச் சோதனையும் கருவியும் உறுதியாகக் கிடைக்க, அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தாக வேண்டும். அதுவரை, கிரகணத்தில் வெளியே போனாயா என்று தாயைக் கேட்கும் ஊருக்கும், இரு செவியும் கெட்ட பின் வா என்று சொல்லும் சட்டத்துக்கும் வேறுபாடு அதிகமில்லை.