குறட்டையைக் கேட்டுச் சிரிக்காதீங்க!

பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிவதே தறிச்சத்தத்தில்தான். எங்கள் வீட்டில் அதற்கும் முன்னாடி ஒரு சத்தம் உண்டு... அப்பாவின் குறட்டை! 'கொடுத்து வச்ச மனுஷன், படுத்ததும் தூங்கிடறாரு' என்று தெருவே கிண்டல் செய்யும். நானும் சிரித்தவன்தான். அதே மனிதர் பகலில் தறிக்குழியில் கால் வைத்தபடியே கண் சொக்கி, கோர்வையைத் தப்பவிட்டு, முதலாளியிடம் பேச்சு வாங்கியபோது சிரிப்பு நின்றுபோனது.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடுகிறது. 10 விநாடி, அதற்கு மேலும்கூட மூச்சு நிற்கிறது. உடம்பு திணறி, அரைகுறையாய் விழித்து, மறுபடி இழுக்கிறது. மணிக்கு 5 தடவைக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டிய நோய். விடிய விடிய இப்படிப் போராடுகிறவர் பகலில் தூங்காமல் என்ன செய்வார்? ரத்த அழுத்தம் வேறு ஏறும்.

பட்டணத்து நுரையீரல் டாக்டர், 'ஒரு ராத்திரி இங்கே தங்கணும், சோதனை இருக்கு' என்றார. கட்டணம் ஒரு பக்கம். அப்பா தறியை விட்டால், கோர்வைக்குப் பக்கத்து நாடா போடுகிற அம்மாவுக்கும் வேலை இல்லை. 'குறட்டைக்கா இவ்ளோ காசு?' என்று பஸ் ஏறிவிட்டார்.

காசநோய்க்கும் ஒரு காலத்தில் இதே கதைதான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். தறிக்காரனுக்கு அது ஆகிற காரியமா? பிறகு சென்னையில் நடந்த ஆய்வு 1959-ல் வெளிவந்தது. நெருக்கடியான வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்ட ஏழைகளும், சானடோரியத்தில் படுத்தவர்களைப் போலவே குணமானார்கள். உலகமே அந்த வழிக்கு வந்தது.

தூக்கச் சோதனையும் அப்படி வீட்டுக்கு வரட்டும் என்கிறேன். விரலில் ஆக்சிமீட்டர், மூக்கருகே ஒரு சின்னக் குழாய், மார்பில் ஒரு பட்டை... வீட்டிலேயே பதிவு செய்யும் கருவி வந்தாகிவிட்டது. அரசு மருத்துவமனைகள் அதை இரவல் கொடுத்து, காலையில் வாங்கிப் பார்க்கட்டும். சிக்கலான நோயாளி மட்டும் பட்டணம் போகட்டும். (மெக்கானிக்கல் தம்பிகள் கவனிக்க: இதற்கான காற்றழுத்தக் கருவியை 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் செய்தபோது, உள்ளே இருந்தது தூசு உறிஞ்சியின் மோட்டார்! ரிப்பேர் நம்மால் ஆகாதா?)

நேற்று ராத்திரி அப்பா பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் 17 தடவை. காலையில் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தறிக்குழியில் இறங்கிவிட்டார்.