பறிக்கப்பட்ட பெயரும் காக்கப்பட்ட சொல்லும்

ஒரு மாந்தனை அடிமையாக்குவோன் அவன் காலில் விலங்கு பூட்டுவதோடு அமைந்துவிடுவதில்லை. விலங்கு என்றேனும் ஒருநாள் உடையும் என்பதை அவன் அறிவான். ஆகவே முதலில் பெயரைப் பறிக்கின்றான். அடுத்துப் பேச்சைப் பறிக்கின்றான். பெயரும் பேச்சும் போனபின், தான் யார் மகன், எந்நிலத்தான், எவ்வினத்தான் என்னும் நினைவு தானே பட்டுப்போகும் என்பது ஆண்டைகளின் கணக்கு. வட அமெரிக்க மண்ணில் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் இக்கணக்கே சட்டமாகவும் வாணிகமாகவும் வாழ்முறையாகவும் இருந்தது.

அக்கணக்கு எங்கே பிழைபட்டது? எதனால் பிழைபட்டது? ஒரு குடியின் பல தலைமுறைகளைத் தொடர்ந்து கூறும் வரலாற்றுப் புதினங்கள் இவ்வினாவுக்கு விடை தேடுகின்றன. அவற்றுள் பெரும்புகழையும் பெரும்பழியையும் ஒருங்கே எய்திய நூல், அலெக்சு ஏலி என்னும் கறுப்பின எழுத்தாளர் 1976-இல் வெளியிட்ட 'வேர்கள்'. தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்னும் பெயரில் பலர் படித்து நெஞ்சுருகியது இந்நூலையே.

ஏலி தம் இளமையைத் தென்னசி மாநிலத்தின் எனிங்கு என்னும் சிற்றூரில், தாய்வழிப் பாட்டி வீட்டில் கழித்தவர். மாலை வேளைகளில் பாட்டியும் அவருடைய உடன்பிறந்தாரும் திண்ணையில் அமர்ந்து, 'அந்த ஆப்பிரிக்கர்' என்று ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பர். அப்பேச்சே நூலின் வித்து. காம்பியா நாட்டின் சூபூரே என்னும் சிற்றூரில் மாண்டிங்கா இனத்தில் பிறந்த குண்டா கிண்டே, பறை செய்வதற்கு மரம் வெட்டப் போன இடத்தில் நால்வரால் பிடிக்கப்பட்டு, 1767-இல் அமெரிக்காவின் அன்னபொலிசுத் துறைமுகத்தில் இறக்கப்பட்டு விற்கப்படுவதாக நூல் கூறுகின்றது. நான்கு முறை தப்பி ஓட முயன்று, நான்காம் முறை அவன் ஒரு காலின் முற்பகுதியை இழக்கின்றான். அவன் மகள் கிசி, அவள் மகன் சார்சு, அவன் மகன் கொல்லத் தொழிலன் தாம், தாமின் மகள் சிந்தியா, அவள் மகள் பெர்த்தா, பெர்த்தாவின் மகனே நூலாசிரியர். இவ்வாறு ஏழு தலைமுறைகள் நூலில் வாழ்கின்றன.

நூலின் தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. பிறந்த எட்டாம் நாள் தந்தை குழந்தையை ஏந்தி, அதன் பெயரை அதன் செவியில் மூன்று முறை மெல்லச் சொல்கின்றான். தன் பெயரைப் பிறர் அறியுமுன் அக்குழந்தையே அறியவேண்டும் என்பது அம்மக்களின் கொள்கை. அங்ஙனம் செவியிற் புகுந்த பெயரைத்தான், கடல் கடந்து வந்த வெள்ளை ஆண்டை 'தோபி' என்று மாற்றுகின்றான். தந்தை அன்போடு ஓதிய பெயரை ஆண்டை சாட்டையால் அழிக்க முனைகின்றான். நூல் முழுதும் இவ்விரண்டு ஓசைகளுக்கும் இடையே நிகழும் போரே.

அப்போரில் குண்டாவின் படைக்கலம் யாது? வாளன்று, வேலன்று, சில சொற்களே. நரம்பிசைக் கருவியைக் காட்டித் தன் மகளிடம் அவன் 'கோ' என்றான். பண்ணையருகே ஓடிய ஆற்றைக் காட்டிக் 'காம்பி பொலொங்கோ' என்றான். தன் பெயர் தோபியன்று, கிண்டே என்றான். மகள் அவற்றைத் தன் மகனுக்குச் சொன்னாள். அவன் தன் மக்களுக்குச் சொன்னான். அக்குடியில் ஒவ்வொரு குழந்தை பிறக்கும்போதும் வீட்டார் யாவரும் கூடியிருக்க, அந்த ஆப்பிரிக்கரின் வரலாறு மீண்டும் ஒருமுறை சொல்லப்பட்டது. விற்கப்பட்டபோதும், பிரிக்கப்பட்டபோதும், மாநிலம் விட்டு மாநிலம் துரத்தப்பட்டபோதும் அச்சொற்கள் கூடவே சென்றன. எடை இல்லாத உடைமை அது. எவனும் பறிக்கவியலாத உடைமையும் அதுவே.

இவ்வகைப் புதினம் ஏன் அம்மக்களுக்கு உயிராயிற்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசர்க்குக் கல்வெட்டு உண்டு. செல்வர்க்கு ஆவணம் உண்டு. அடிமைக்கு என்ன உண்டு? 1850-இலும் 1860-இலும் அமெரிக்க அரசு எடுத்த அடிமைக் கணக்கில் ஆண்டையின் பெயர் இருக்கின்றது. அவன் பெயருக்குக் கீழே அடிமைகளின் அகவையும் பாலும் நிறமும் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. விடுதலைக்குப் பின் 1870-இல் எடுத்த கணக்கில்தான் அம்மக்களுள் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு பதிவு பெற்றனர். ஏலி தம் தேடலைத் தொடங்கிய இடமும் அக்கணக்கே. கொல்லர் தாம் மரேயின் பெயரை அதில் கண்டபோதுதான், திண்ணைப் பேச்சு வெறும் பேச்சன்று என்னும் துணிவு அவருக்குப் பிறந்தது.

பெயரை மறைத்த சட்டம் எழுத்தையும் மறைத்தது. தென் கரோலினாவில் 1739-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், அடுத்த ஆண்டே அவர்களுக்கு எழுதக் கற்பித்தலும் அவர்கள் பறை கொட்டுதலும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. எழுத்தைக் கண்டு அஞ்சியோர் பறையைக் கண்டும் அஞ்சினர். இரண்டும் செய்தி சொல்பவை யல்லவா? நூலில் கிசி விற்கப்படுவதும், கற்கக் கூடாத எழுத்தைக் கற்று, தன் அன்பனுக்குத் தப்பிச் செல்லும் சீட்டெழுதிக் கொடுத்ததனாலேதான். எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்கு வாய்மொழியே ஆவணம். பாட்டியே ஆவணக் காப்பகம்.

1977 சனவரியில் எட்டு இரவுகள் தொடர்ந்து இப்புதினம் தொலைக்காட்சி நாடகமாக ஒளிபரப்பப்பட்டது. இறுதிப் பகுதியை ஏறத்தாழப் பத்துக் கோடிப் பேர் கண்டனர். அவ்வாண்டே புலிட்சர் சிறப்புப் பரிசும் நூலுக்குக் கிடைத்தது. கறுப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடி ஆவணக் காப்பகங்களின் படியேறினர். குடிவழி ஆய்வுக்கென அவர்களின் கழகம் ஒன்றும் அதே ஆண்டில் தோன்றிற்று. ஆங்கில அரச குடும்பத்தான் ஒருவன் பெயரால் சேம்சு தீவு எனப்பட்ட காம்பியா ஆற்றுத் தீவு, 2011-இல் குண்டா கிண்டே தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் பறிக்கப்பட்ட ஒருவன் பெயர், பெயர் பறித்த இனத்தானின் பெயரை நீக்கி ஒரு தீவின்மேல் ஏறி நின்றது. எழுத்துக்கு இதனினும் பெரிய வெற்றி வேண்டுமா?

ஆயினும், புகழ்ந்த வாயால் குறையையும் கூறுவதே நேர்மை. ஏலி இதனைப் புதினம் என்று மட்டும் சொல்லியிருந்தால் சிக்கலே இல்லை. ஏழு தலைமுறைகளின் கொடிவழி ஆவணங்களால் மெய்ப்பிக்கப்பட்டது என்று அவர் உறுதி கூறினார். அவ்வுறுதி நிற்கவில்லை. அரால்டு கூர்லாண்டர் என்பார் 1967-இல் எழுதிய 'ஆப்பிரிக்கன்' என்னும் புதினத்திலிருந்து பகுதிகள் எடுத்தாளப்பட்டன என்று வழக்கு எழுந்தது. 1978-இல் ஏலி அதனை ஒருவாறு ஒப்பி, ஆறரை நூறாயிரம் தாலர் ஈடு கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார். 1981-இல் மில்சு இணையர் என்னும் குடிவழி ஆய்வாளர் இருவர் வர்சீனிய ஆவணங்களை ஆய்ந்தனர். தோபி என்னும் அடிமை, நூல் கூறும் கப்பல் வருவதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னரே, 1762-இல், அங்கு இருந்ததையும், கிசி பிறந்ததாகக் கூறப்படும் 1790-க்கு எட்டாண்டுகட்கு முன்னரே அவன் பெயர் ஏடுகளிலிருந்து மறைந்ததையும் அவர்கள் காட்டினர். சூபூரேயில் குண்டாவின் வரலாற்றை ஓதிய முதியவர் முறையாகப் பயின்ற மரபுப் பாணரல்லர் என்பதைத் தொனால்டு இரைட்டு என்னும் வரலாற்றாசிரியர் அதே ஆண்டில் எழுதினார்.

'எழுச்சிக்கு உதவிற்றே, உண்மையா பொய்யா என்று பார்ப்பானேன்?' என்று கேட்பார் உளர். அக்கேள்வி நன்னோக்கம் உடையதாயினும் தீங்கு பயப்பது. பசித்தவன்முன் சோற்றுப் படத்தை வைத்து உண்க என்பது அருளாகாது. முன்னோர் பெயரறியாது தவிக்கும் மக்களுக்குப் புனைந்த பெயரொன்றை மெய்ப்பெயர் என்று கொடுப்பது, ஆண்டை செய்த பெயர்மாற்றத்தை வேறு வகையில் செய்வதேயாகும். அன்றியும், ஒரு பொய் வெளிப்பட்ட அன்றே, அதனோடு சேர்ந்த நூறு உண்மைகளையும் பொய்யென்று தள்ளப் பகைவர் காத்திருக்கின்றனர்.

அங்ஙனம் தள்ளுதற்கு வழியில்லை என்பதும் தெளிவாக அறியத்தக்கது. 'இலார்டு லிகோனியர்' என்னும் கப்பல் புனைவன்று. 1767 சூலையில் காம்பியாவிலிருந்து 140 பேரை ஏற்றிப் புறப்பட்ட அக்கப்பல், செப்தம்பர் 29-இல் அன்னபொலிசை அடைந்தபோது 98 பேரே உயிரோடிருந்தனர். யானைத் தந்தம், தேன்மெழுகு, பஞ்சு, பொன் என்னும் சரக்குகளோடு சரக்காக அவர்களும் சுங்க ஏட்டில் எண்ணப்பட்டனர். இரண்டு நாள் கழித்து அவர்களின் விற்பனை செய்தித்தாளில் விளம்பரம் செய்யப்பட்டது. அத்தொண்ணூற்றெண்மருள் ஒருவன் குண்டா என்பதற்குத்தான் சான்றில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் யாரோ ஒரு தந்தை செவியில் பெயர் ஓதப்பெற்றவர் என்பதற்குச் சான்றும் வேண்டுமா?

புதினத்தைப் புதினமென்றே கூறியும் இதே பணியைச் செய்யவியலும். மார்கரெட்டு வாக்கர் என்னும் கறுப்பினப் பெண்மணி, தம் பாட்டி வாயிலாகக் கேட்ட பூட்டியின் வாழ்வைப் பல்லாண்டு ஆய்ந்து, 1966-இல் 'யூபிலி' என்னும் புதினமாகத் தந்தார். நூல் சிறுமைப்பட்டதா? இல்லை. புனைவு, தன் பெயரை மறைக்காதவரை, உண்மைக்குப் பகையன்று.

ஏலி மெய்ப்பிக்க முயன்று தோற்றதை மெய்யாகவே மெய்ப்பித்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. அமெரிக்கக் கடலோரத்தில் வாழும் கல்லா மக்களின் பேச்சில் ஆப்பிரிக்கச் சொற்கள் வாழ்கின்றன என்பதை ஆய்ந்த இலாரென்சோ தர்னர் என்னும் கறுப்பின மொழியறிஞர், 1930-களின் தொடக்கத்தில் சியார்சியா மாநிலத்துச் சிற்றூரொன்றில் அமேலியா தாலி என்னும் பெண்ணின் பாட்டை ஒலிப்பதிவு செய்தார். சில அடிகளேயான பாட்டு. தாயும் பாட்டியும் பாடக் கேட்டுக் கற்றது. பொருள் அவருக்குத் தெரியாது. குழந்தைகள் ஆடிப்பாடும் பாட்டாகவே அது அங்கு வழங்கிற்று. அதன் மொழி, மேலை ஆப்பிரிக்காவின் சியரா இலியோன் நாட்டு மெண்டே என்பது பின்னர்த் தெரியவந்தது. தர்னர் 1949-இல் தம் நூலில் அதனை அச்சேற்றினார்.

நாற்பதாண்டுகள் கழிந்தன. ஆய்வாளர் மூவர் அவ்வொலிப்பதிவோடு சியரா இலியோன் சென்றனர். பாட்டிலிருந்த ஒரு சொல் மெண்டே மொழியின் ஒரு வட்டார வழக்குக்கே உரியது என்பதை அவருள் ஒருவர் கண்டார். அச்சொல்லே வழிகாட்டிற்று. செனெகுன் இங்கோலா என்னும் சிற்றூரில் ஒரு பெண் அப்பாட்டைக் கேட்டதும் தானும் உடன் பாடினாள்! இறந்தோரை வழியனுப்பும் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு அது. 'இதனைக் காத்து வை. பிரிந்துபோன உறவினர் ஒருநாள் வரின் இதனால் அறிந்துகொள்ளலாம்' என்னும் கருத்துப்படத் தன் பாட்டி தன்னிடம் சொன்னதாகவும் அவள் கூறினாள். உள்நாட்டுப் போரால் காலம் தாழ்ந்து, 1997-இல் அமேலியாவின் மகள் கடல் கடந்து அவ்வூர் சென்றார். பிரிக்கப்பட்ட இரு கரைகளின் மகளிர் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடினர். ஒருவர் யாரென்பதை அவர் அழும் மொழியே காட்டும் என்பது மெண்டே மக்களின் கொள்கை. இந்நிகழ்ச்சியைக் காட்டும் 1998-ஆம் ஆண்டு ஆவணத் திரைப்படமும் அதனையே தலைப்பாகப் பூண்டது.

இங்கு அரசன் இல்லை, போர்க்களம் இல்லை, கொடிவழிப் பட்டியலும் இல்லை. கடல் நடுவே நூற்றாண்டுகள் கிடந்தும், பொருள் மறந்தும் ஒலி மறவாத பெண்கள் இருந்தனர். அவ்வொலியை உரிய நேரத்தில் ஊரும் ஆளும் குறித்துப் பதிந்துவைத்த அறிஞர் ஒருவர் இருந்தார். வாய்மொழியும் பதிவும் கைகோத்தன, உண்மை வெளிப்பட்டது. ஏலியின் நூலில் முன்னது இருந்தது, பின்னது பொறுமையிழந்தது. வேறுபாடு அவ்வளவே. ஆனால் அவ்வளவும் பெரிது.

ஆகவே, குடிவழிப் புதினம் எழுத விழைவோர்க்கும் படித்து உருகுவோர்க்கும் வேலை ஒன்று உண்டு. வீட்டில் இன்னும் மூச்சோடிருக்கும் முதியவரிடம் இன்றே சென்று அமர்க. அவர் அறிந்த பெயர்கள், வாழ்ந்த ஊர்கள், செய்த தொழில்கள், இன்று யாரும் வழங்காத சொற்கள், தாலாட்டு, ஒப்பாரி ஆகிய அனைத்தையும் அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுக. சொன்னவர் பெயரையும் நாளையும் ஊரையும் சேர்த்து எழுதுக. பொருள் விளங்காத சொல்லைத் திருத்தற்க. விளங்காததாகவே வைத்துக் காக்க. தெரியாத இடத்தைப் புனைந்து நிரப்பற்க, வெற்றிடமாகவே விடுக. அவ்வெற்றிடமும் வரலாறே, பெயரைப் பறித்தவன் விட்டுச்சென்ற வடு அது. அதன்பின் புதினம் எழுதுவோர் எழுதுக. புதினம் என்று பெயரிட்டே எழுதுக.

பெயரைப் பறிப்போர் மறதியை நம்பியே பறிக்கின்றனர். ஒரு பாட்டி பாடிக்கொண்டிருக்கும் வரை, அதனை ஒரு பேத்தி கேட்டுக்கொண்டிருக்கும் வரை, அவர் நம்பிக்கை பலிப்பதில்லை.