சுண்ணாம்பு தடவிய கலயம்

உச்சிப்புளிப் பக்கம் பனையேறிகள் பாளையில் கலயத்தைக் கட்டுமுன் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் விடியலில் இறங்குவது பதநீர். தடவ மறந்தால் அதே மரம், அதே பாளை, இறங்குவது கள். சாறு புளிக்காமல் நிற்க ஒரு விரல் சுண்ணாம்பு போதும்.

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளைப் பிரிக்கும்போது இந்தக் கலயம்தான் நினைவுக்கு வருகிறது. ஆன்மிகம் பற்றி எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் இரண்டாம் பத்தியிலேயே 'குவாண்டம்' என்று தொடங்கிவிடுகிறார்கள். போன வாரம் ராமேசுவரம் பேருந்தில் ஒருவர் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போனார். மூன்று நாள் குவாண்டம் தியானம். சாப்பாடு, தங்குமிடம் உட்பட. நாம் பார்த்தால் எலக்ட்ரான் மாறுகிறதாம். ஆகவே நினைத்தால் உலகமே மாறுமாம். நோய் தீரும், கடனும் தீரும் என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது.

எலக்ட்ரான் கதையில் பாதி உண்மை. இரண்டு இடுக்குகள் உள்ள தடுப்பை நோக்கி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், பின்னால் உள்ள திரையில் புள்ளி புள்ளியாக விழும். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு பார்த்தால் அவை வரிவரியாக அணிவகுத்திருக்கும், இரண்டு வழியாக வந்த அலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதுபோல. எந்த இடுக்கு வழியாகப் போனது என்று காட்டிக்கொடுக்கும் கருவியை வைத்தால் வரிகள் மறைந்துவிடும். இதுவரை ஆய்வகம். இதற்குப் பிறகு வருவது சொல் விளையாட்டு. இயற்பியலார் 'அளவீடு' என்றதைத் தமிழில் 'பார்வை' என்றோம். பார்வை இருந்தால் 'பார்வையாளர்' வேண்டும். அவரை வேதாந்தத்தின் 'சாட்சி' இருக்கையில் உட்கார வைத்தோம். இரண்டு சறுக்கலில் கருவி ஆன்மாவாகிவிட்டது.

வியன்னாவில் 2004இல் வெளியான ஒரு சோதனை இந்தச் சறுக்கலை நிறுத்துகிறது. எழுபது கார்பன் அணுக்கள் கொண்ட பந்து போன்ற மூலக்கூறுகளை ஆன்டன் சைலிங்கரின் குழுவினர் லேசரால் சூடாக்கி அனுப்பினார்கள். சூடு ஏற ஏற அவை ஒளியை உமிழ்ந்தன. அந்த ஒளியிலேயே, தாம் எங்கே இருக்கிறோம் என்ற தகவல் கசிந்தது. எலக்ட்ரான்களைப் போலவே அவையும் போடும் வரிகள் மங்கி மறைந்தன. அந்த ஒளியை எந்த மனிதக் கண்ணும் பார்க்கவில்லை. தகவல் வெளியே கசிந்ததே போதுமானதாக இருந்தது. நினைவுநிலைதான் அலையைக் குலைக்கிறது என்று 1961இல் எழுதிய இயற்பியலார் யூஜின் விக்னரே பின்னாளில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். நோட்டீஸ்காரர்கள் முதல் விக்னரோடு நின்றுகொண்டார்கள்.

இயற்பியலிடம் சான்றிதழ் கேட்கும் ஆசை நமக்குப் புதிதில்லை. அதன் பழைய கதை நம் கடற்கரையில்தான் வந்து இறங்கியது. 1896 பிப்ரவரியில் நியூயார்க்கில் விவேகானந்தர் நிகோலா டெஸ்லாவைச் சந்தித்தார். பிராணன், ஆகாசம் என்ற கருத்துகள் டெஸ்லாவைக் கவர்ந்தன. விசையும் பருப்பொருளும் ஒரே ஆற்றலில் ஒடுங்குவதைக் கணிதத்தால் காட்டிவிட முடியும் என்று டெஸ்லா நம்பியதாகவும், அது நடந்தால் வேதாந்தப் பிரபஞ்சவியலுக்கு உறுதியான அடித்தளம் கிடைத்துவிடும் என்றும் சுவாமி ஒரு கடிதத்தில் எழுதினார். மறு ஆண்டு ஜனவரி 26இல் பாம்பனில் இறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். சில நாளில் கும்பகோணத்துப் பேச்சில், ஆய்வகத்தை விட்டு வெளியே வரவே நேரமில்லாத ஒரு மேலை அறிவியலாளர் தம் சொற்பொழிவுகளை மணிக்கணக்கில் நின்று கேட்டதாகப் பெருமையோடு சொன்னார். பெயர் சொல்லவில்லை; டெஸ்லாதான் என்பது பலரின் ஊகம்.

டெஸ்லாவின் கணிதம் வரவேயில்லை. பொருளும் ஆற்றலும் ஒன்று என்பதை 1905இல் காட்டியவர் ஐன்ஸ்டைன். அதைவிட வேடிக்கை, பருப்பொருளுக்குள் ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதையே டெஸ்லா முதுமையில் மறுத்துவந்தார். வேதாந்தம் அந்த அடித்தளத்தின் மேல் நின்றிருந்தால் அவரோடு சேர்ந்து சரிந்திருக்கும். நல்லவேளை, நிற்கவில்லை. பாம்பனில் இறங்கிய மறுநாள் ராமேசுவரம் கோயிலில் சுவாமி பேசினார். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே வழிபாடு என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அதற்கு எந்த ஆய்வகமும் முத்திரை குத்த வேண்டியிருக்கவில்லை.

ராமநாதபுரத்தில் தாயுமானவர் சமாதி இருக்கிறது. மதயானையை அடக்கலாம், நீர்மேல் நடக்கலாம், நெருப்பில் இருக்கலாம், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடியவர். சித்திகளை வரிசையாக அடுக்கிவிட்டு அத்தனையையும் ஒதுக்கியவர். கடன் தீர்க்கும் நோட்டீஸுக்கு அவர் அப்போதே பதில் சொல்லிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

அப்படியானால் இரு தரப்புக்கும் பேச எதுவுமே இல்லையா? இருக்கிறது. அளவீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் இயற்பியலாருக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. தொலைவில் உள்ள துகள்களின் உறவு பற்றி இயற்பியலார் பெல் 1964இல் எழுப்பிய கேள்வியைச் சோதித்தவர்களுக்கு 2022இல் நோபல் கிடைத்தது. அவற்றிடையே நம் பொதுப்புத்திக்கு அடங்காத உறவு இருப்பது உறுதியாயிற்று. நினைவுநிலைக்கு மூளை செல்களின் நுண்குழல்களில் குவாண்டம் வேர் இருக்கலாம் என்று ரோஜர் பென்ரோஸும் ஸ்டூவர்ட் ஹாமராஃபும் வாதிடுகிறார்கள். மூளையின் வெப்பத்தில் அது கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாங்காது என்று இயற்பியலார் மாக்ஸ் டெக்மார்க் 2000இல் கணக்குப் போட்டுக் காட்டினார். சண்டை இன்னும் ஓயவில்லை. வேதாந்தம் கேட்பதோ வேறொரு கேள்வி: இத்தனையையும் அறிகிறேன் என்கிற அந்த 'நான்' யார்? கருவி வைத்து அளக்க முடியாததால் அது சின்னக் கேள்வியாகிவிடாது.

இரண்டையும் கலக்காமல் கையாள்வது எப்படி என்பதற்கு ஷ்ரோடிங்கர் ஓர் எடுத்துக்காட்டு. 1926இல் அலைச் சமன்பாட்டைத் தந்தவர், உபநிடதத்தில் ஊறியவர். 1944இல் வந்த 'உயிர் என்பது என்ன?' நூலின் முடிவுரையில் ஆன்மாவும் பிரம்மமும் ஒன்று என்ற கருத்துக்கு வருகிறார். ஆனால் வருமுன், இனிச் சொல்வது என் சொந்தப் பார்வை என்று வாசகரிடம் அறிவித்துவிடுகிறார். தன் சமன்பாட்டைச் சாட்சிக்கு இழுக்கவில்லை.

நம் ஊர்க்காரர் ஒருவரும் அப்படித்தான் இருந்தார். அப்துல் கலாம் தொழுகை தவறாதவர். வீணை வாசித்தவர், கீதை படித்தவர். 1979 ஆகஸ்ட் 10இல் அவர் தலைமையில் உருவான எஸ்எல்வி-3 ராக்கெட் கிளம்பிய சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. காரணம் தேடியவர்கள் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில், அடைபடாத வால்வு வழியே அமிலம் கசிந்ததைக் கண்டுபிடித்தார்கள். விதி, கிரகம் என்று அறிக்கை எழுதவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 18இல் ராக்கெட் மேலே போனது. தொழுகைக்கு ஒரு நேரம், வால்வுக்கு ஒரு நேரம். ஒன்றை வைத்து மற்றொன்றை மெய்ப்பிக்க அவருக்குத் தேவை வரவில்லை.

எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குவாண்டம் பற்றி எழுதுங்கள், பிரம்மம் பற்றியும் எழுதுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தும் எழுதுங்கள். 'ஆகவே' என்று எழுதுமுன் மட்டும் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த 'ஆகவே' எந்தச் சோதனையிலிருந்து வருகிறது, அல்லது எந்த அனுபவத்திலிருந்து வருகிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாங்கள் கேட்கும் சுண்ணாம்பு அவ்வளவுதான்.