எந்தத் தண்ணீரும் போதும்



மூவரசர் திருவிழா முடிந்து, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவை ஒட்டி இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. ஜொகூரில் இது அடைமழைக் காலம். தண்ணீரைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது. பேச்சைத் தொடங்கி வைத்திருப்பவர் ரெங்கத்து வாசகி ஒருவர். அவருடைய கடிதத்தின் சாரம் இது:

"என் அண்ணன் தோட்டத்து லயத்தில் பிறந்தபோது மூச்சுத் திணறி, பிழைக்க மாட்டான் என்று ஆகிவிட்டதாம். பங்குச் சாமி மாதம் ஒருமுறைதான் வருவார். அம்மா கெஞ்சவே, பிரசவம் பார்த்த பாட்டி வெளிக்குழாயில் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்து வந்து, அம்மா சொல்லிக் கொடுத்த வார்த்தைகளைச் சொல்லித் தலையில் ஊற்றினாராம். அந்தப் பாட்டி இந்து. அண்ணன் பிழைத்து, இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார். அந்த ஞானஸ்நானம் செல்லுமா?"

செல்லும் அம்மா. சந்தேகமே வேண்டாம். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும், திருமுழுக்குப் பெறாதவர்கூட, திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். உண்மையான தண்ணீர் இருக்க வேண்டும். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லி அதை ஊற்ற வேண்டும். திருச்சபை செய்வதையே நானும் செய்கிறேன் என்ற எண்ணம் மனத்தில் இருக்க வேண்டும். குழந்தை பிழைத்துவிட்டால், பிறகு கோயிலுக்குக் கொண்டுவந்து கிறிஸ்மா பூசி, வெள்ளாடை போர்த்தி, மெழுகுதிரி கொடுத்து மற்றச் சடங்குகளை நிறைவு செய்வார்கள். தண்ணீரை மட்டும் மறுபடி ஊற்ற மாட்டார்கள். பாட்டி ஊற்றியது ஊற்றியதுதான்.

இவ்வளவு பெரிய அருளடையாளத்துக்குக் குழாய்த் தண்ணீர் போதுமா என்று நமக்குத் தோன்றலாம். 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாரும் இதைப் பற்றி யோசித்தார். மீட்புக்குத் தேவையான ஒன்று எல்லோருக்கும் எட்ட வேண்டும், ஆகவேதான் எங்கும் எளிதில் கிடைக்கும் தண்ணீர் அதற்கு வைக்கப்பட்டது என்று எழுதினார். பால் என்றோ பன்னீர் என்றோ வைத்திருந்தால், அன்று அந்த லயத்தில் நம் வாசகியின் தாய் எங்கே போயிருப்பார்?

விவிலியத்தில் இதை உணர்ந்துகொள்ளச் சிரமப்பட்டவர் சிரியாவின் படைத்தலைவர் நாமான். தொழுநோய் தீர வேண்டி இறைவாக்கினர் எலிசாவைத் தேடி வருகிறார். எலிசா வாசலுக்குக்கூட வரவில்லை. யோர்தானில் போய் ஏழுமுறை மூழ்கு என்று ஆள் அனுப்பிச் சொல்கிறார். நாமானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தமஸ்குவில் இல்லாத ஆறா, இந்த ஆற்றிலா நான் குளிப்பது என்று திரும்பிப் போகப் பார்க்கிறார். அவருக்கு எலிசாவைப் பற்றிச் சொல்லி வழி காட்டியது, பிடித்து வரப்பட்ட ஒரு வேலைக்காரச் சிறுமி. கடைசியில் புத்தி சொல்லி ஆற்றில் இறங்க வைத்ததும் வேலைக்காரர்கள்தான். மூழ்கி எழுந்தபோது உடல் சிறுபிள்ளையின் உடல்போல் ஆயிற்று. பெரிய மனிதருக்கு எட்டாதது வீட்டு வேலை செய்தவர்களுக்கு எட்டியிருந்தது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதே யோர்தானில்தான் பின்னாளில் இயேசு இறங்கினார். பாவமில்லாதவருக்குத் திருமுழுக்கு எதற்கு? தண்ணீர் அவரைத் தூய்மையாக்கவில்லை, அவர்தான் தண்ணீரைத் தூய்மையாக்கினார் என்பது திருச்சபைத் தந்தையரின் பழைய பதில். அன்று ஓர் ஆற்றில் நடந்தது உலகத்துத் தண்ணீருக்கெல்லாம் நடந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குக் கொடுத்துக் கை சோர்ந்துபோவதை 1544-இல் தம் தோழர்களுக்கு எழுதினார். மறு ஆண்டே நமக்குப் பக்கத்தில் உள்ள மலாக்காவுக்கும் வந்தார். கடற்கரை மாறினாலும் அவருக்குத் தண்ணீர் ஒன்றுதான்.

ஆனால் தண்ணீர் கருணை மட்டும் உடையதல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. பாஸ்கா இரவில் குருவானவர் தண்ணீரை மந்திரிக்கும் மன்றாட்டில் நோவாவின் வெள்ளமும் வரும், செங்கடலும் வரும். இரண்டிலும் அழிவும் பிழைப்பும் ஒரே தண்ணீரில் நடக்கின்றன. திருமுழுக்குத் தொட்டியும் கல்லறைதான் என்கிறார் பவுல். பழைய ஆள் அதில் புதைக்கப்பட்டு, புதிய ஆள் எழுகிறார்.

இன்னொரு தண்ணீரும் உண்டு. செங்கடலைக் கடந்த மக்கள் மூன்று நாள் நடந்து மாராவுக்கு வந்தால், அங்கே தண்ணீர் கசக்கிறது. வாயில் வைக்க முடியவில்லை. கடவுள் காட்டிய மரத்தை மோசே அதில் போட, தண்ணீர் இனிக்கிறது. அந்த மரம் கிறிஸ்து, அந்தத் தண்ணீர் திருமுழுக்கு என்று தெர்த்துல்லியன் விளக்கினார். நமக்கு மாரா தூரத்தில் இல்லை. குப்பைக்கிடங்கின் கழிவால் சுங்கை பெனுட் ஆற்றில் அமோனியா கலந்து, சுத்திகரிப்பு நிலையம் அடிக்கடி மூடப்பட்டு, சிம்பாங் ரெங்கம் மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்தது 2019-இல் நாட்டுக்கே தெரிந்த செய்தி. எந்தத் தண்ணீரும் திருமுழுக்குக்கு ஆகும் என்று நம்புகிறவர்களுக்கு, எந்த ஆறும் வெறும் சாக்கடை அல்ல. குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று போப் பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் எழுதியதை நாம் சூழலியல் பாடமாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. ஞாயிறன்று கோயில் வாசலில் தீர்த்தத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடும் கை, திங்களன்று எண்ணெய் டப்பாவை வாய்க்காலில் கழுவக் கூடாது.

இந்த மாதம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்தநாள் தெரிந்த நமக்கு ஞானஸ்நானம் பெற்ற நாள் தெரியுமா? சான்றிதழைத் தேடி எடுங்கள். இல்லையென்றால், உங்கள் தோட்டத்துக்கு எந்தப் பங்கிலிருந்து சாமி வந்தார் என்று பெரியவர்களைக் கேட்டு, அந்தப் பங்கின் பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். 1972-க்கு முந்தைய தாள்களில் மலாக்கா–சிங்கப்பூர் உயர்மறைமாவட்டம் என்று இருந்தால் திகைக்க வேண்டாம். அப்போது நாம் அதில்தான் இருந்தோம். நாள் கிடைத்ததும் ஞானப்பெற்றோர் யார், யார் தண்ணீர் ஊற்றினார் என்பதையும் சேர்த்து எங்களுக்கு எழுதுங்கள். பாஸ்கா இதழில் அவற்றுக்கென்று பக்கம் ஒதுக்குகிறோம். பிரசவம் பார்த்த பாட்டிகளின் பெயர் தெரிந்தால் அவசியம் எழுதுங்கள். அவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்