விசிறிக் காற்று ஆடம்பரமா?

சித்திரை பிறந்துவிட்டால் உழைப்பாளியின் வீட்டில் பகலைவிட இரவுதான் பெரிய சோதனை. பகல் முழுவதும் ஆலையிலும் வயலிலும் வெந்தவர்கள் இரவில் படுக்கப் போனால், வீடே அடுப்பாகக் காய்கிறது. குழந்தைகள் புரண்டு புரண்டு அழுகின்றன. கண் அயரும் நேரத்தில் காலை ஷிப்டுக்குப் புறப்பட வேண்டும். நடவுக்கு இறங்க வேண்டும்.

இந்த நிலையில் தொழிலாளி தலைக்கு மேல் ஒரு மின்விசிறி வேண்டுமென்று கேட்டால், “சொகுசு கேட்கிறான்” என்று சொல்லும் கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். 2011-ல் தமிழக சர்க்கார் ரேஷன் கார்டுதாரர்களுக்கு விலையில்லா மேஜை விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, “ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்” என்று இவர்கள் கூக்குரலிட்டார்கள். எங்கே உட்கார்ந்து கொண்டு? ஏர்கண்டிஷன் அறையில்!

தூக்கம் சொகுசு அல்ல என்று நாம் சொல்கிறோம். இன்று உழைத்த உடம்பு நாளையும் உழைக்க வேண்டுமானால் இரவில் அது ஆறியாக வேண்டும். சோறு எப்படிக் கூலியில் அடக்கமோ அப்படியே தூக்கமும் அடக்கம். தூங்க வழியில்லாத கூலி அரைக் கூலிதான்.

நூற்பாலையைப் பாருங்கள். நூல் அறுபடாமல் ஓட வேண்டும் என்பதற்காகக் காற்றில் இத்தனை ஈரம் இருக்க வேண்டுமென்று அளந்து வைக்கிறார்கள். அதற்குத் தனி இயந்திரம், அதைக் கவனிக்கத் தனி ஆள். நூலுக்கு என்ன காற்று வேண்டும் என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். நூற்கிறவனுக்கு என்ன காற்று வேண்டும் என்று கேட்டால் மட்டும் அவர் காது மந்தமாகிவிடுகிறது!

இது புதிய கதையல்ல. வெள்ளைக்கார துரைமார் காலத்தில் பங்களாக்களிலும் கச்சேரிகளிலும் பங்கா தொங்கியது. கயிற்றை இழுக்கிற ஏழை வராந்தாவில் வேர்த்து வழிந்தான். காற்று உள்ளே துரைக்குப் போயிற்று. பங்கா போய் மின்சார விசிறி வந்தது. ஆனால் காற்று யாருக்கு, வேர்வை யாருக்கு என்ற கணக்கு இன்னும் முழுவதும் மாறவில்லை.

விசிறி எப்படி வேலை செய்கிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. உடம்பின் வேர்வையைக் காற்று உலர்த்துகிறது. அதனால்தான் நமக்குக் குளிர்ச்சி. ஆகவே ஆளில்லாத அறையில் ஓடும் விசிறியால் யாருக்கும் பயனில்லை, கரண்டுதான் வீண். இறக்கைகளில் தூசி படியாமல் துடைக்க வேண்டும். ஓட்டம் மந்தமானால் பெரும்பாலும் கண்டன்சர்தான் பழுது. சிறு செலவில் மாற்றிவிடலாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நேரத்தில் விசிறியை நம்பியிருப்பது ஆபத்து. உடம்பைவிடச் சூடான காற்று உடம்பை மேலும் சுடவைக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. அப்போது ஈரத்துணியால் உடம்பைத் துடைக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். நிழலான, காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும்.

ஆனால் விசிறிக்கு மேலே இருப்பது என்ன? கூரை! “உன் பாட்டன் விசிறியிலா தூங்கினான்?” என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். பாட்டன் கீற்றுக் கூரையின் கீழ் வாழ்ந்தான். திண்ணையிலும் களத்துமேட்டிலும் வேப்பமரத்தடியிலும் படுத்தான். பேரன் தகரத்துக்கும் சிமெண்டு ஷீட்டுக்கும் கீழே, ஒற்றை ஜன்னல் அறையில் கிடக்கிறான். தகரம் காய்ந்தால் விசிறி அந்த அனலைத்தான் கீழே தள்ளும். காங்கிரீட் கூரையோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கக்குகிறது. பல வீடுகளில் கூரை தாழ்வாக இருப்பதால், விசிறி மாட்டினால் தலையில் இடிக்கும். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். எதிரெதிரே இரண்டு ஜன்னல் வைத்தால் இரவுக் காற்று உள்ளே வரும். இதற்கு விஞ்ஞானி வேண்டியதில்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு மனம் வேண்டும்.

அடுத்தது கரண்டு. சாதாரண விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கிறது. தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு விசிறி என்றால் 108. தமிழ்நாட்டில் 2016-ல் வந்த 100 யூனிட் இலவசம் விசிறிக்கே தீர்ந்துவிடும். பி.எல்.டி.சி. என்னும் புது ரக விசிறிக்கு 30 வாட் போதும். இரண்டுக்கும் சேர்த்து 43 யூனிட்தான். ஆனால் விலை கூடுதல். எனவே கையில் காசுள்ளவன் அதை வாங்கி மேலும் மிச்சம் பிடிக்கிறான். காசில்லாதவன் மலிவு விசிறியை வாங்கி மாதாமாதம் இழக்கிறான். எல்.இ.டி. பல்புகளை சர்க்கார் மொத்தமாகக் கொள்முதல் செய்து, 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மலிவாகக் கொடுக்கவில்லையா? விசிறிக்கு ஏன் முடியாது?

அந்த 100 யூனிட் இலவசமும் எல்லோருக்கும் போய்ச் சேருகிறதா? திருப்பூரிலும் கோவையிலும் லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களைக் கேளுங்கள். பல இடங்களில் ஐந்தாறு குடும்பத்துக்கு ஒரே மீட்டர். எல்லோர் யூனிட்டும் ஒன்றாகக் கூடி உயர்ந்த கட்டணப் படிக்கு ஏறுகிறது. தனி மீட்டர் இருந்தாலும், மின்வாரியம் கேட்காத விலையை வீட்டுக்காரர் யூனிட்டுக்குக் கேட்கிறார். இலவசம் அவர் பைக்கு, புழுக்கம் நமக்கு! கரண்டுக்குப் பயந்து நள்ளிரவில் விசிறியை நிறுத்துகிற தாய்மார்கள் எத்தனை பேர்!

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக சர்க்கார் 2024 அக்டோபரில் அறிவித்தது. வெயிலால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. நல்லது. ஆனால் செத்த பிறகு கொடுக்கிற பணத்தைவிடச் சாகாமலிருக்கச் செய்கிற வேலை மேலானதல்லவா?

ஆகவே நாம் கோருகிறோம்: லைன் வீடுகளில் குடும்பத்துக்கு ஒரு மீட்டர் வேண்டும், வாரியக் கட்டணத்துக்கு மேல் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. சர்க்கார் கட்டித்தரும் வீடுகளில் விசிறி மாட்டத்தக்க உயரமும், எதிரெதிர் ஜன்னல்களும், வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சும் கட்டாயமாக வேண்டும். குறைந்த கரண்டில் ஓடும் விசிறியைக் கூட்டுறவுக் கடைகளில் மலிவு விலைக்குத் தவணையில் கொடுக்க வேண்டும். ஆலை விடுதிகளில் காற்றோட்டத்தை முதலாளிகள் செலவில் செய்ய வேண்டும். கோடை இரவுகளில் கிராமங்களுக்கு மின்வெட்டு கூடாது.

தோழர்களே! தனியாகப் போய்க் கேட்டால் வீட்டுக்காரர் “காலி செய்” என்பார். லைன் முழுவதும் சேர்ந்து கேட்டால் யாரைக் காலி செய்வார்? சங்கக் கூட்டத்தில் கூலியோடும் போனஸோடும் இதையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் கிராம சபையில் எழுப்புங்கள். நாள் முழுவதும் வேர்வை சிந்துகிறவர்களுக்கு இரவில் அந்த வேர்வை உலரக் காற்று வேண்டும். அதை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்!